கல்லும் வடமும்: உழைப்பின் நினைவுச்சின்னங்கள் குறித்து அளவெட்டியிலிருந்து ஒரு நோக்கு

நினைவுச்சின்னங்கள் இலக்கியத் திறனாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்னும் எண்ணம் எம்மிடையே வலுவாக உண்டு. சங்கச் செய்யுள்களிற் பேசப்படும் நடுகல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் ஆய்வாளர், தாம் நாள்தோறும் கடந்துசெல்லும் சந்திச் சிலையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. நடுகல் பழமையானதாகையால் ஆய்வுப்பொருளாகின்றது. சந்திச் சிலை அரசியல்வாதிகளின் அலுவலென்று ஒதுக்கப்படுகின்றது. இப்பாகுபாட்டுக்கு நியாயம் எதுவும் இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. யாரை நினைவுகூர்வது, யாருடைய செலவில், எந்த இடத்தில், எதனை மறைத்து என்னும் வினாக்கள் நடுகல்லுக்கும் சிலைக்கும் பொதுவானவை. கவிதைக்கும் அவை பொதுவானவையே.

இக்கட்டுரையில் மூன்று படைப்புக்களை ஒருங்கே வைத்து நோக்க விழைகிறோம். முதலாவது, சென்னை மெரீனாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை. இரண்டாவது, இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் முன்னோடியாகிய ஏ. ஈ. குணசிங்கவுக்குக் கொழும்பில் எழுப்பப்பட்டுள்ள சிலை. மூன்றாவது சிலையே அன்று. அளவெட்டி தந்த கவிஞர் மஹாகவியின் ‘தேரும் திங்களும்’ என்னும் சிறு கவிதை அது. கல்லையும் வெண்கலத்தையும் சொல்லோடு சேர்த்து நிறுப்பது முறையா என்று ஐயுறுவோர், மூன்றும் ஒரே பொருளைப் பற்றியவை என்பதை முதலிற் கருத்திற் கொள்ளவேண்டும்: பலர் கூடி ஒரு பாரத்தை நகர்த்துதல்.

தொழிலாளர் நினைவுச்சின்னங்களின் வரலாறு ஒரு முரண்பாட்டுடனேயே தொடங்குகின்றது. 1886ஆம் ஆண்டு மே மாதத்தில், எட்டு மணி நேர வேலைநாட் போராட்டத்தின்போது, சிக்காகோ நகரின் ஹே மார்க்கெட் சதுக்கத்தில் நடந்தவற்றை யாவரும் அறிவர். அச்சதுக்கத்திலே முதலில் எழுந்தது யாருடைய சிலை? பொலிஸ்காரனுடைய சிலை. 1889இல் அது நிறுவப்பட்டது. தூக்கிலிடப்பட்டோருக்கான நினைவுச்சின்னம் 1893இல் அமைந்தபோது அதற்கு நகருக்கு வெளியே, அவர்கள் புதைக்கப்பட்ட மயானத்திலேயே இடங்கிடைத்தது. சம்பவம் நடந்த இடத்தில் அதனை நினைவுகூரும் சிற்பமொன்று அமைவதற்கு 2004ஆம் ஆண்டுவரை, அதாவது நூற்றுப்பதினெட்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. பொது வெளி ஆளும் வர்க்கத்தின் உடைமை என்னும் கூற்றுக்கு இதனினும் தெளிவான சான்று அரிது. ஆயினும் பொது வெளியில் தொழிலாளிக்கு இடங்கிடைத்துவிட்டால் மட்டும் வழக்கு முடிந்துவிடுவதில்லை. இடம் எத்தகைய நிபந்தனையோடு கிடைக்கின்றது என்பதே அடுத்து எழும் கேள்வி. மெரீனாவிலே நாம் எதிர்கொள்வது இதனைத்தான்.

சென்னைக் கடற்கரைக்கும் மே தினத்துக்கும் உள்ள தொடர்பு சிலையினும் மூத்தது. 1923ஆம் ஆண்டு மே முதலாந் திகதி ம. சிங்காரவேலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையிலும் கூட்டங்களை ஒழுங்குசெய்தார். இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பட்டது அதுவே முதன்முறை. தொழிலாளர், விவசாயிகளுக்கான கட்சியொன்றும் அன்றே அறிவிக்கப்பட்டது. மீனவர் குடும்பத்திற் பிறந்து, வழக்கறிஞராகி, 1925 டிசம்பரில் கான்பூரில் நடைபெற்ற முதலாவது கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமைதாங்கியவர். 1928ஆம் ஆண்டுத் தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிறைசென்றவர். அந்தக் கடற்கரையில் 1959ஆம் ஆண்டு உழைப்பின் நினைவுச்சின்னம் எழுந்தபோது அதிற் சிங்காரவேலரின் சாயலும் இல்லை, 1923இன் சுவடும் இல்லை.

சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்தவர், 1929 முதல் ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் சென்னைக் கலைக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர், அப்பதவியை வகித்த முதல் இந்தியர். பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் செல்வாக்கு அவரது வெண்கலப் படைப்புக்களில் வெளிப்படையானது. ஆடையென்று சொல்ல அரைத்துணி மட்டுமே கொண்ட நால்வர் பெரும் பாறையொன்றைப் பெயர்க்க முயல்கின்றனர். நெம்புகோல்கள் பாறைக்கடியிற் செருகப்பட்டிருக்கின்றன. முதுகுத்தசை புடைக்கின்றது, கால்கள் மண்ணை உதைக்கின்றன. கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாதிரிகளாக நின்றனர் என்று கூறுவர். அவ்வாறாயின், அதிபரின் கட்டளைக்கு அசையாது நிற்றல் என்னும் உழைப்பிலிருந்தே பாறையை அசைக்கும் உழைப்பின் உருவம் பிறந்தது என்பது கவனத்துக்குரியது.

இச்சிற்பத்தின் ஆற்றலை மறுப்பது எமது நோக்கமன்று. மாறாக, முற்போக்கு விமர்சகர் சிலர் இதனை ‘அரசாங்கக் கலை’ என்று ஒரு சொல்லால் தள்ளிவிடுவது வாய்ப்பாடு சார்ந்த விமர்சனமேயாகும். நால்வரில் முன்னிற்பவன் உண்டு, தலைவன் இல்லை. ஒருவன் உடல் சாயும் திசையை மற்றவன் உடல் ஈடுசெய்கின்றது. ஒரு மனிதனை எடுத்துவிட்டால் அமைப்பு முழுவதும் சரிந்துவிடும். கூட்டுழைப்பு என்னும் பொருளியற் கருத்து இங்கே உருவ அமைதியாகவே மாறியுள்ளது. இதனைச் சாதிப்பது எளிதன்று. பெல்ஜியச் சிற்பி கொன்ஸ்தாந்தின் மெனியே உழைப்பாளரை வடித்தபோது பெரும்பாலும் தனி உருவங்களாகவே வடித்தார் என்பதை ஒப்புநோக்குக.

பெயர் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் இதற்குச் சூட்டப்பட்ட பெயர் ‘உழைப்பின் வெற்றி’ என்னும் பொருளுடையது. சென்னை மக்கள் நாவில் அது வெறுமனே ‘உழைப்பாளர் சிலை’. வெற்றி என்ற சொல்லை மக்கள் கைவிட்டுவிட்டனர். சிற்பத்தை உற்றுநோக்கின் மக்கள் வழக்கே சரியென்பது புலனாகும். பாறை இன்னும் நகரவில்லை. நாம் காண்பது பிரயாசையேயன்றி வெற்றியன்று.

எனினும் ஒரு வினாவை எழுப்பாமல் அப்பாற் செல்ல இயலாது. அந்தப் பாறை யாருடையது? அதனை எங்கே கொண்டு செல்கின்றனர்? எவர் கூலிக்கு? சிற்பம் இவற்றுக்கு விடை தருவதில்லை. வினாக்கள் எழாதவாறே அது அமைந்துள்ளது. உழைப்பு இங்கே இயற்கையை எதிர்கொள்கின்றது, மூலதனத்தை எதிர்கொள்ளவில்லை. மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான போராட்டம் உண்டு; மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான உற்பத்தி உறவு இல்லை. 1959 என்பது இந்தியாவின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்ட காலம். அணைகளும் உருக்காலைகளும் எழுந்த அக்காலத்தில், தேசத்தை நிர்மாணிக்கும் புயவலி அரசுக்கு வேண்டியிருந்தது. வேலைநிறுத்தம் செய்யும் புயவலி வேண்டியிருக்கவில்லை. 1928இல் இரயில் தண்டவாளத்தை விட்டு எழுந்த கரங்களுக்கும் 1959இல் வெண்கலத்திற் பாறையை நெம்பும் கரங்களுக்கும் இடையிலுள்ள தூரம் இதுவே. நால்வரும் ஆடவர் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். 1937இல் வேரா முகினா பாரிஸ் கண்காட்சிக்காக வடித்த உருவிலே தொழிலாளியோடு கூட்டுப்பண்ணைப் பெண்ணும் சமமாக அடியெடுத்து வைத்தாள். சென்னையிற் கல்லுடைத்த பெண்களும் கல் சுமந்த பெண்களும் சிற்பியின் கண்ணிற் படாமலிருக்க வழியில்லை. ஆயினும் வெண்கலத்தில் அவர்கள் இல்லை.

மெரீனாவில் பெயரற்ற உழைப்பு. கொழும்பில் உழைப்பற்ற பெயர். குணசிங்கவின் சிலையைப் பற்றி அழகியல் நோக்கிற் கூற அதிகமில்லை. தலைவர்களுக்கு எழுப்பப்படும் சிலைகளின் பொது இலக்கணத்துக்கு அது விலக்கன்று. புறக்கோட்டையை அடுத்த குணசிங்கபுர என்னும் பகுதியும் அவர் பெயரையே தாங்குகின்றது. ஆனால் அச்சிலை எதனை நினைவூட்டுகின்றது, எதனை மறக்கச் செய்கின்றது என்பது இலங்கைத் தமிழ் வாசகருக்கு அழகியலினும் முக்கியமான விடயம்.

அலெக்ஸாண்டர் ஏகநாயக்க குணசிங்க பிறந்தது 1891ஆம் ஆண்டு மே முதலாந் திகதி. தற்செயலேயாயினும் பொருத்தமான நாள். 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டிலேயே கொழும்பிற் பொது வேலைநிறுத்தத்தை நடத்தினார். 1927இல் துறைமுகத் தொழிலாளர், 1929இல் ட்ராம் வண்டித் தொழிலாளர் என அடுத்தடுத்து நடந்த போராட்டங்கள், குடியேற்ற ஆட்சியின் கீழ்த் தொழிலாளியை மனுதாரன் நிலையிலிருந்து எதிர்த்து நிற்பவன் நிலைக்கு உயர்த்தின. அக்காலக் கொழும்புத் தொழிலாளரிற் சிங்களவர், தமிழர், மலையாளிகள், முஸ்லிம்கள் யாவரும் அடங்குவர். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அச்சங்கத்தில் அவரோடு தோளோடு தோள் நின்று உழைத்தவர். இவ்வளவும் எவராலும் மறுக்கவொண்ணாத பெருமை.

பின்பு நிகழ்ந்தது என்ன? உலகப் பொருளாதார மந்தம் வேலையில்லாத் திண்டாட்டத்தைக் கொணர்ந்தபோது, அதற்கான காரணத்தை முதலாளித்துவத்தின் நெருக்கடியிலே தேடுவதற்குப் பதிலாக, பக்கத்தில் நின்று வேலைசெய்த மலையாளத் தொழிலாளியிலே குணசிங்க கண்டார். 1933ஆம் ஆண்டு வெள்ளவத்தை நூல்நூற்பு நெசவாலை வேலைநிறுத்தம் திருப்புமுனையாக அமைந்தது. இளம் இடதுசாரிகள் அதற்குத் தலைமைதாங்கினர். ஒருகாலத்தில் வேலைநிறுத்தங்களின் நாயகராக விளங்கியவர் அப்போது மறுபக்கத்தில் நின்றார். 1930களின் பிற்பகுதியில் இந்திய எதிர்ப்பு அவரது அரசியலின் உட்கருவாகவே ஆகிவிட்டது. நடேசய்யரோ 1920களின் முடிவிலேயே பிரிந்து மலைநாடு சென்றுவிட்டார். குணசிங்க 1940இற் கொழும்பு மாநகர முதல்வரானார். சுதந்திரத்தின் பின் டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கத்தில் அமைச்சர் பதவியும் வகித்தார். அதே அரசாங்கந்தான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் மூலம் மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. இவ்வரலாற்றை விரிவாகத் தந்தவர் குமாரி ஜயவர்தன; இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிய அவரது நூல் 1972இல் வெளிவந்தது.

இதனைக் ‘கொள்கைத் துரோகம்’ என்று பெயரிட்டு அமைந்துவிடுவது எளிது. இயங்கியல் நோக்கு அதற்கு மேலும் சிலவற்றைக் கோருகின்றது. வர்க்க உணர்வு ஒருமுறை ஏற்பட்டால் என்றென்றும் நிலைக்கும் சொத்தன்று; நெருக்கடிக் காலத்தில் அது இனவுணர்வாக மாற்றமடையக்கூடியது, அதுவும் அவ்வுணர்வை ஊட்டிய கரங்களாலேயே. சிலை இவ்வுண்மையைச் சொல்லவியலாது. வெண்கலமும் சீமெந்தும் ஒரு கணத்தையே உறையச் செய்யும். 1923இன் குணசிங்கவும் 1933இன் குணசிங்கவும் ஒரே பீடத்தில் நிற்கின்றனர். மலர்மாலை இருவருக்கும் சேர்த்தே சார்த்தப்படுகின்றது. பின்னாளில் ஜனாதிபதியான ஆர். பிரேமதாச தமது அரசியற் பயிற்சியைக் குணசிங்கவின் தொழிற் கட்சியிலேயே தொடங்கினார் என்பதை எண்ணின், இம்மாலைகள் எந்த நூலில் தொடுக்கப்பட்டன என்பதும் விளங்கும்.

இனி அளவெட்டிக்கு வருவோம். மஹாகவி என்னும் து. உருத்திரமூர்த்தி 1927இல் இவ்வூரிற் பிறந்து 1971இல் மறைந்தவர். தவிலும் நாதஸ்வரமும் ஒலித்த ஊர் இது, என். கே. பத்மநாதனின் பெயரோடு ‘அளவெட்டி’ என்பது பிரிக்கமுடியாத அடைமொழியாயிற்று. அந்த இசையையும் ஓர் உழைப்பாக, சாதி ஒழுங்கினுள் கோயிலுக்குக் கடமைப்பட்ட பரம்பரைத் தொழிலாக, எவரும் கணக்கிலெடுப்பதில்லை. மஹாகவி எடுத்தார், அவரது ‘கோடை’ என்னும் பா நாடகம் நாதஸ்வரக் கலைஞர் குடும்பமொன்றின் வீட்டினுள்ளேயே நிகழ்கின்றது.

முற்போக்கு இலக்கிய இயக்கம் உச்சம்பெற்ற 1960களில் மஹாகவிக்கு உரிய இடம் வழங்கப்படவில்லை என்பது இன்று பலரும் ஒப்புக்கொண்ட செய்தி. சங்கத்தில் இருந்தாரா, கோஷம் எழுப்பினாரா என்பவற்றை அளவுகோலாகக் கொண்டோருக்கு அவர் அகப்படவில்லை. எம். ஏ. நுஃமான் முதலியோர் விடாது எழுதியதன் பயனாகவே நிலைமை மாறிற்று. ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ என்று ஒரு காவியத்துக்குப் பெயரிடத் துணிந்தவரை வர்க்க நோக்கில்லாதவர் என்று கூறியமை எமது விமர்சன வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. சரித்திரம் என்னும் சொல் அதுவரை மன்னருக்கும் மகான்களுக்கும் தலைவருக்கும் உரியதாயிருந்தது. அச்சொல்லைப் பீடத்திலிருந்து இறக்கித் தெருவில் நடக்கும் மனிதனிடம் ஒப்படைத்ததே ஒரு நினைவுச்சின்னப் பணியாகும்.

‘தேரும் திங்களும்’ சில அடிகளே கொண்ட கவிதை. ஊர் கூடித் தேரிழுக்கின்றது. தானும் வடத்தைப் பிடிக்கலாமென்று ஒருவன் ஆவலோடு வருகின்றான். அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை, தோள்வலி உள்ளவன், உலகம் செழிக்க உழைக்கும் இனத்தவன். தடுக்கிறார்கள். கல் விழுகின்றது, இரத்தம் சிந்துகின்றது. தேர் நின்றுவிடுகின்றது. அண்மையில் முழுநிலவைத் தொட்டு மீண்டவனின் சுற்றத்தானொருவன் மண்ணிற் புரள்கின்றான் என்று கவிதை முடிகின்றது. 1969இல் மனிதன் சந்திரனிற் கால்வைத்தான். அதற்கு முந்திய ஆண்டிலேதான் அளவெட்டிக்குச் சில மைல் தொலைவிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றது. கவிதை எந்த ஊரையும் பெயர் சொல்லிச் சுட்டவில்லை. சுட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மெரீனாச் சிற்பத்தோடு இக்கவிதையை ஒப்பிடுவோம். இரண்டிலும் பெரும் பாரம். இரண்டிலும் பல உடல்களின் ஒன்றித்த முயற்சி. சிற்பத்திற் கல் என்பது உழைப்பை எதிர்க்கும் இயற்கை. கவிதையிற் கல் என்பது உழைப்பாளியின் மேல் உழைப்பாளியே எறிவது. சிற்பத்திலே காணக்கிடையாத மனித உறவு கவிதையில் முழு நிர்வாணமாக வெளிப்படுகின்றது. யார் கை வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்பதே அங்கு பிரச்சினை. தேர் நிற்பதற்கு அதன் பாரம் காரணமன்று; பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டமையே காரணம். வெள்ளவத்தை நெசவாலை வாயிலில் மலையாளியின் கை தட்டிவிடப்பட்டபோதும் நிகழ்ந்தது இதுதான். யாழ்ப்பாணத்துச் சாதியையும் கொழும்பு இனவாதத்தையும் ஒன்றெனக் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. அவற்றின் பொருளாதார அடித்தளங்கள் வேறு, வரலாறுகள் வேறு. ஆனால் கூட்டுழைப்பை உள்ளிருந்தே பிளக்கும் தொழிற்பாட்டில் இரண்டும் ஒத்தவை. தெற்கின் இனவாதத்தைச் சரியாகவே இனங்காணும் எம்மவர் பலர், தேர்வடத்தைப் பற்றிப் பேச்செழும்போது ‘அது வேறு விடயம்’ என்று முகந்திருப்பிக் கொள்வதை நாம் கண்டதுண்டு.

கவிதைக்கு ஒரு குறையும் கூறலாம். கல்லெறிந்தவர் யார், அவருக்கு நிலமும் கோயிலும் எவ்வாறு உடைமையாயின என்பதைக் கவிஞர் தொடவில்லை. மானிடம் ஒன்றே என்னும் பொது மனிதாபிமானத்திலேயே அவரது சினம் நிலைகொள்கின்றது. அம்மனிதாபிமானத்தின் எல்லை எமக்குத் தெரியும். ஆயினும் தடுக்கப்பட்டவனை இரங்கத்தக்க பொருளாக அவர் ஆக்கவில்லை. வடம் பிடிக்கும் உரிமையுடையவனாக, அவ்வுரிமையை எவரிடமும் கேட்டுப்பெறத் தேவையற்றவனாக நடந்துவரச் செய்கின்றார். அக்காலச் சாதி எதிர்ப்புக் கதைகள் பலவற்றிற் கண்ணீருக்கு இருந்த இடத்தை இங்கே அந்த நடை எடுத்துக்கொண்டுள்ளது.

எமது கிராமங்களில் கல்லிற் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லாமலில்லை. கும்பிழாவளைப் பிள்ளையார் கோயில் முதலாக யாழ்ப்பாணத்துக் கோயில் எதனுள்ளும் நுழைவோர் காணக்கூடியது: மணிக்கு உபயம், மண்டபத்துக்கு உபயம், தேருக்கு உபயம். பணம் தந்தவரின் பெயரும் ஊரும் ஆண்டும் செதுக்கப்பட்டிருக்கும். செதுக்கியவனின் பெயர் இராது. கல் பொழிந்தவனுடையதும் மரம் அரிந்தவனுடையதும் இரா. இது கோயில்களின் தனிக் குற்றமன்று. பாடசாலைக் கட்டடங்களிலும் வாசிகசாலைகளிலும் இதே இலக்கணந்தான். பணம் நினைவுகூரப்படுகின்றது, உழைப்பு கரைந்துபோகின்றது.

இந்நிலையில், தொழிலாளர் தலைவர்களுக்கு எமது பகுதியிலும் சிலை எழுப்பவேண்டுமென்று அவ்வப்போது எழும் குரல்களை எவ்வாறு மதிப்பிடுவது? நினைவுகூரப்பட வேண்டியோர் இல்லாமலில்லை. 1940 ஜனவரி 10ஆந் திகதி முல்லோயாத் தோட்டத்திற் பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தன். 1947 ஜூன் 5ஆந் திகதி பொது வேலைநிறுத்த ஊர்வலத்திற் கொல்லப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி. 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்து நிலத்தைப் பாதுகாக்க நின்று வீழ்ந்த சிவனு லெட்சுமணன். இவர்களில் எவரும் ‘தலைவர்’ அல்லர். வடத்தைப் பிடித்த கைகள். கந்தசாமி விழுந்த ஊர்வலத்தில் சிங்களத் தொழிலாளரும் தமிழ் எழுதுவினைஞரும் சேர்ந்தே நடந்தனர். அடுத்த பதினொரு ஆண்டுகளுக்குள், 1958இல், அந்நகரிலேயே நடந்தவற்றை அறிவோம். கந்தசாமிக்கு அமையும் எந்தச் சின்னமும் இவ்விரண்டு ஆண்டுகளையும் ஒருங்கே தாங்கவேண்டும். ஒன்றை விடுத்து மற்றதைப் பொறிப்பின் அது குணசிங்கவின் பீடத்துக்கு ஈடாகிவிடும்.

அளவெட்டிக்கு அண்மையிலேயே இன்னொரு பொருள் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் இயங்கத் தொடங்கி 1990இல் யுத்தத்தோடு நின்றது. இந்நாட்டின் சந்திச் சிலைகளும் அவற்றின் பீடங்களும் பெரும்பாலும் சீமெந்தாலானவை. அச்சீமெந்தின் ஒரு பகுதி வலிகாமம் வடக்கின் சுண்ணக்கல்லாக இருந்தது. அக்கல்லை அகழ்ந்தவர், சூளையில் நின்றவர், மூட்டை கட்டியவர் யாவர், எந்த ஊரினர், எந்தச் சாதியினர், வேலைத்தலத்தில் அவர்கள் ஒரே குவளையில் நீர் அருந்தினரா, தொழிற்சங்கம் அதனை ஒரு பிரச்சினையாக எடுத்ததா என்னும் வினாக்கள் முறையாக ஆராயப்பட வேண்டியவை. தொழிற்சாலை நின்றபோது முப்பது வயதினராயிருந்தோர் இன்று அறுபத்தைந்தைக் கடந்துவிட்டனர். மூத்தோர் பலர் மறைந்தனர். பலர் இடம்பெயர்ந்து புலம்பெயர்ந்து சிதறினர். அளவெட்டி, தெல்லிப்பழை, மல்லாகம் ஆகிய ஊர்களில் எஞ்சியுள்ளோரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு செல்வதற்குச் சிற்பியோ நிதிக்குழுவோ திறப்புவிழாவோ தேவையில்லை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்து மாணவர் நால்வர் போதும்.